நாற்பத்து மூன்றாம் வில்லை

“விடுங்க மாமி. விடுங்கண்ணு சொல்லுதேன்லா.”

ஸ்ரீகுமாரி இழுத்தாள். சரசம்மா விடவில்லை. கொட்டுவடி என்கிற மரக்கட்டையின் ஒரு முனை மருமகள் கையில், மறுமுனை மாமியார் கையில். நடுவே கருங்கல். கல்லின்மேல் பாதி உடைந்த முந்திரி அண்டி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“கையில பட்டுரும் பிள்ளே. தள்ளி நில்லு.”

“இண்ணைக்கு நீங்க இங்க இருக்கப்பிடாது. கிரேடிங்குல ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன். எந்திரிங்க.”

“எனக்க வில்லை இங்கயாக்கும் தொங்குது. போயி பலகையப் பாரு.”

அண்டியாபீஸ் என்று ஊரார் சொல்லும் அந்த முந்திரித் தொழிற்சாலையில், வறுத்த முந்திரிக்கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டி உடைக்கும் அந்தக் கொட்டகைக்குத் தல்லு என்று பெயர். எழுபது பெண்கள் தரையில் குத்துக்காலிட்டுத் தட்டுகிற சத்தம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் கேட்கும். அந்தச் சத்தம் இப்போது வரிசை வரிசையாக நின்றது. கரி அப்பிய எழுபது முகங்கள் திரும்பின. ஆபீஸ் கிளார்க்கும் அவளுடைய மாமியாரும் ஒரு மரக்கட்டைக்கு மல்லுக்கட்டுவதை இலவசமாகப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

“நாடகம் தொடங்கியாச்சு. டிக்கெட் எடுக்காதவ எல்லாம் வெளிய போங்கடி” என்றாள் விலாசினி. ஒன்பது வருஷமாகக் கிரேடிங் மேசையில் வெள்ளைப் பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள். ஆளை மாற்றி மாற்றி வைக்கும் புதுச் சுற்று வந்த நாள்முதல் தரையில் உட்கார்ந்து கரி பூசிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீகுமாரி கொட்டுவடியை விட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் மூன்று கட்டம்: தல்லு, பருப்பின் தோலுரிக்கும் பீலிங், கிரேடிங். கட்டத்துக்குக் கட்டம் ஆணிகள், ஆணிக்கு ஒரு தகரவில்லை, வில்லைக்கு ஒரு நம்பர். சனிக்கிழமை சாயங்காலம் அவளே தன் கையால் மாட்டிவிட்டுப் போனாள். சரசம்மாவின் நாற்பத்து மூன்று கிரேடிங்கில் இருக்க வேண்டும்.

இல்லை. தல்லுக் கட்டத்தில், ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கிரேடிங்கில் அது இருந்த ஆணியில் மேரிக்குட்டியின் அறுபத்தொன்று.

இது மூன்றாவது திங்கள். மூன்று முறையும் இதே இரண்டு வில்லைகள்.

நாற்பத்து மூன்றைக் கழற்றிப் பார்த்தாள். விளிம்பில் ஒரு வெட்டு, நகம் நுழைகிற அளவுக்கு. தகரம் என்றால் நசுங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு மானேஜர் அறைக்குள் போனாள்.

மானேஜர் சுவாமிதாஸ் டீ கிளாசிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“சாமான் குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு சார்.”

“பின்ன என்னத்த மாத்துவ? கல்லும் கொட்டுவடியும் நம்பரு போட்டுக் குடுத்தாச்சுண்ணா அந்த வாரம் அதுதான். ஒருத்திக்கு எளக்கினா இருநூறு பேருக்கும் எளக்கணும்.”

“யாரோ வேணும்ணே மாத்துதாங்க சார்.”

“அந்த யாரோவக் கண்டுபிடி. மொதலாளி நேத்தும் போன் போட்டாரு. பார்டருக்கு அங்கால உள்ள ஆபீசுல இந்தச் சுற்றும் கிடையாது, மயக்கமும் கிடையாது, லோடு மொத்தத்தையும் அங்க தள்ளட்டாண்ணு கேக்குதாரு. இன்னும் ஒரு தடவ இந்தப் பலகையில கொளறுபடி வந்துதுண்ணா நானே அதக் கழத்தி வறுப்பு அடுப்புல போட்டுருவேன். கேட்டியா?”

கேட்டாள்.

*

அந்தப் பலகை வந்த கதை பெரிய கதை அல்ல. மாசி மாதத்தில் ஒருநாள் மத்தியானச் சங்கு ஊதியபோது எல்லோரும் எழுந்தார்கள், சரசம்மா எழவில்லை. இருபத்தாறு வருஷம் மடங்கி மடங்கி இருந்த முட்டு இரண்டும் பூட்டிக்கொண்டுவிட்டன. உட்கார்ந்த வாக்கிலேயே நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னும் ஆறு மாசம் இவங்க தரையில் உட்கார்ந்தால், அப்புறம் தரையில்தான் இருப்பாங்க. நடக்க முடியாது.”

பிறகு ஸ்ரீகுமாரியைப் பார்த்துச் சொன்னார். “உங்க ஆபீசிலேருந்து இந்த மாசம் வந்த நாலாவது முட்டு இது. ஒரே ஆள் ஒரே வேலையை வருஷக்கணக்காகச் செய்தால் இப்படித்தான். மாத்தி மாத்தி வையுங்க. கொஞ்ச நாள் உட்காரட்டும், கொஞ்ச நாள் நிற்கட்டும்.”

ஸ்ரீகுமாரி பாறசாலையில் டைப்ரைட்டிங் படித்தவள். மாமியாரின் சிபாரிசில் கிளார்க் வேலைக்கு வந்து நாலு வருஷம். எட்டு இரவு உட்கார்ந்து கட்டம் போட்டாள். மூன்று வாரம் கிரேடிங், மூன்று வாரம் பீலிங், மூன்று வாரம் தல்லு. முட்டு மோசமானவர்களுக்கு முதலில் ஸ்டூல். எடவப்பாதி மழையோடு சுற்றும் தொடங்கியது.

தல்லுக்காரிகளுக்குச் சந்தோஷம். கிரேடிங்காரிகளுக்கு வயிற்றெரிச்சல். ஓட்டிலிருந்து கசிகிற கறை பட்டால் தோல் வெந்து உரியும். கையெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு உட்கார வேண்டும். வெள்ளைப் பருப்பு பொறுக்கிய விரல்கள் அதற்கு லேசில் சம்மதிக்குமா? “மாமியாருக்கு ஸ்டூல் போட இருநூறு பேரை எழுப்பிவிட்டா” என்று விலாசினி முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

அந்த மாமியார் ஒருநாள்கூட ஸ்டூலில் உட்காரவில்லை.

*

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேரிக்குட்டியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

காரோட்டுக் கடப்புறத்துக்காரி. காலையில் முதல் பஸ்ஸில் வந்து முக்கில் இறங்குவாள். அங்கிருந்து சரசம்மாவின் வீட்டுக்கு வந்து, முட்டு வலிக்காரியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அரைமைல் மெதுவாக நடத்திக் கூட்டிவருவாள். வேறு எவருக்கும் முன்னால் இருவரும் ஆபீஸ் வாசலில் இருப்பார்கள். சரசம்மாவைத் தாழ்வாரத்தில் இருத்திவிட்டுக் கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்கப் போவாள்.

இப்போது அந்த முதல் வருகைதான் குற்றம்.

“மூணு வாரமும் ஸ்டூலு யாருக்குக் கெடச்சுது? ஒனக்கு. மொத ஆளா யாரு வாறா? நீ. நான் வேற யாரைச் சொல்லட்டும்?” என்றார் சுவாமிதாஸ். “திங்களாழ்ச்ச தொட்டு வராண்டாம். யூனியன்காரங்க வரட்டும், பேசிக்கலாம்.”

மேரிக்குட்டி ஸ்ரீகுமாரியைப் பார்த்தாள். ஸ்ரீகுமாரி மேசையைப் பார்த்தாள். பலகையிலிருந்து அறுபத்தொன்றாம் வில்லையைக் கழற்றியது அவள் கைதான். அதன் துளையில் மேரிக்குட்டி நூல் கோத்துக் கட்டிய மாதா பதக்கம் ஒன்று, குண்டுமணி அளவில், உள்ளங்கையில் உறுத்தியது.

*

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சரசம்மாவின் மகன் சோமன் அம்பூரியிலிருந்து ரப்பர் ஷீட் இறக்கிவிட்டு ஜீப்போடு வந்தான். வழியில் பனச்சமூட்டுச் சந்தையில் வாங்கிய சாளை மீன் இலைப்பொதியில் இருந்தது. சரசம்மா அடுக்களைப் பலகையில் உட்கார்ந்து, மீனைச் சட்டியில் அலசி, பெருவிரலால் செதிலைத் தடவித் தடவிக் கழுவினாள். நிமிர்ந்து பார்க்காமலே வேலை நடந்தது.

“அம்மைக்கு நான் வாங்கிக் குடுத்த தைலம் தீந்துதா? வேற வாங்கவா?” என்றான் சோமன்.

“இருக்கு மக்கா.”

ஸ்ரீகுமாரி அலமாரியிலிருந்து குப்பியை எடுத்துவந்து கணவன் முன்னால் வைத்தாள். மூடியின் மெழுகுகூட உடையவில்லை.

“பாருங்க. மூணு மாசமாச்சு. அங்க ஸ்டூலு வேண்டாம், இங்க தைலம் வேண்டாம். நான் மட்டும் கெடந்து கட்டம் போடணும்.”

“என்ன அம்மே இது?”

“மணம் பிடிக்கல்ல. பின்ன அந்த முக்காலிய யாருடே நகத்தி வச்சது? மீன்சட்டியோட இப்பம் விழுந்திருப்பேன். ஒரு சாமான வச்ச எடத்துல வைக்கத் தெரியாதா இந்த வீட்டுல?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க மாமி.”

“பதில் என்ன பதில்? இருவத்தாறு வருசம் இருந்த எடம். எனக்குத் தரைதான் பிடிச்சிருக்கு.”

“அந்தத் தரையிலயே கெடந்துருவியண்ணு டாக்டரு சொன்னாரு.”

“டாக்டரு பலதும் சொல்லுவாரு. ரெண்டு வருசம் முன்ன பள்ளிக்கோயில்ல கண்ணு கேம்பு வச்சாங்கல்லா, அந்த டாக்டரு என்ன சொன்னாரு? பாட்டிக்கு ஊசியில நூல் கோக்கக் கண்ணு உண்டுண்ணாரு. ஒரு டாக்டரு நல்லது சொன்னா ஒருத்தரு கெட்டது சொல்லுவாரு. சாரமில்ல.”

சோமன் சிரித்துவிட்டான். ஸ்ரீகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. “சேச்சி, உள்ள உண்டா?”

மேரிக்குட்டி. குடை இல்லை. முந்தானையைப் பிழிந்துகொண்டு படியிலேயே நின்றாள்.

“ஏறி வா மக்கா, நனையாத” என்றாள் சரசம்மா. குரல் மட்டும் வாசலுக்குப் போயிற்று, ஆள் எழவில்லை.

“உள்ள வரமாட்டேன். ஒரு வார்த்தை கேட்டிட்டுப் போறேன்.” மேரிக்குட்டி ஸ்ரீகுமாரியின் பக்கம் திரும்பினாள். “நீங்க எழுத்துப் படிச்சவங்க. உங்களுக்கும் நான்தான் எடுத்தேண்ணு தோணுதா?”

“எனக்கு என்ன தோணினா என்ன? மூணு தடவயும் உங்க வில்லை.”

“எனக்க வில்லைதான். மாதாமேல ஆணையா எப்பிடி அங்க போச்சுண்ணு எனக்குத் தெரியாது. மொத வாரம் ஸ்டூலு கெடச்சப்பம், நீங்கதான் எரக்கப்பட்டுப் போட்டியண்ணு நெனச்சேன். வீட்டுல ஒங்களுக்காக ஒரு மெழுகுதிரிகூடக் கத்திச்சு வச்சேன்.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “வீட்டுக்காரரு ததேயூசு கடலுக்குப் போகாம பதினாறு நாளாச்சு. கடலு அப்பிடிக் கெடக்குது. நானும் போகாட்டி அடுப்புல என்ன வைக்க? ஸ்டூலுக்கு ஆசப்பட்டு நான் அந்த வேலய விடுவேனா?”

ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“சேச்சிக்குத் தெரியும். தெனமும் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். நான் அந்தப் பலகைக்கப் பக்கத்துலயாவது போயிருக்கேனா? சேச்சி, சொல்லுங்க.”

சரசம்மாவின் விரல் மீன்சட்டிக்குள் அப்படியே நின்றது.

“இவ எடுக்கமாட்டா” என்றாள் மெல்ல.

“பின்ன யாரு எடுத்தா மாமி? நீங்களும் அங்கதானே இருக்கிய?”

பதில் வருவதற்குள் கரண்ட் போயிற்று. வீடு மொத்தமும் இருட்டு. சோமன் தீப்பெட்டி தேடி எதிலோ முழங்காலை இடித்துக்கொண்டு முனகினான். ஸ்ரீகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விளக்கைக் கண்டுபிடித்துத் திரியை ஏற்றுவதற்குள், சரசம்மா அவித்த மரச்சீனிக் கிழங்கைத் தட்டில் வைத்து, மேலே மத்தியானக் குழம்பை ஊற்றி, வாசற்படிவரை கொண்டு போயிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“தின்னு மக்கா. வெறும் வயித்தோட போகாத.”

மேரிக்குட்டி நின்றபடியே தின்றாள். பாதியில் அழுதுவிட்டாள். சரசம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“திங்களாழ்ச்ச நானில்லாம எப்பிடிப் போவிய சேச்சி?” என்றாள் மேரிக்குட்டி, கை கழுவும்போது. வேலை போனவளுக்கு அந்தக் கவலை.

“போவேன்” என்றாள் சரசம்மா.

*

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்ரீகுமாரியின் மண்டைக்குள் அந்தப் பலகையே தொங்கியது. மேரிக்குட்டி இல்லையென்றால் யார்? விலாசினியா? அவளுக்கு இந்த மாற்றத்தில் ஒரு லாபமும் இல்லை. ஸ்டூல் அவளுக்குக் கிடைக்கவில்லையே. பலகையை அடுப்பில் போடவைத்தால் பழைய மேசை திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறாளா? கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. கண்ணால் பார்ப்பது.

திங்கள் விடிந்ததும் கிளம்பினாள்.

“நெய்யாற்றின்கரையில ஆபீஸ் காரியம் உண்டு மாமி. ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் போறேன். நீங்க இண்ணைக்கு லீவு போடுங்க. தனியா நடக்காண்டாம்.”

“நீ போயிட்டு வா மக்கா.”

அவள் பஸ் ஏறவில்லை. நேராக அண்டியாபீசுக்குப் போனாள். வாசல் கூட்டுகிறவள் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போயிருந்தாள். சனிக்கிழமை மாட்டிய வரிசை கலையாமல் இருந்தது. மூன்று வாரம் முடிந்து சுற்று மாறியதால் நாற்பத்து மூன்று பீலிங்கில். ஸ்டூலில் இருந்த மூன்று வாரத்துக்கு ஈடாக மேரிக்குட்டிக்குத் தல்லுக் கட்டத்தில் ஒதுக்கியிருந்த ஆணி மட்டும் காலி.

ஒளிந்துகொள்ள ஸ்டோர்ரூம் இருந்தது. கதவு பூட்டியிருந்தது, சாவி மானேஜரிடம். பலகைக்குப் பக்கத்தில் இரண்டடி தள்ளி, சுவரோடு சாய்ந்து நின்றாள். வருகிறவள் தன்னைப் பார்த்துத் திரும்பி ஓடினால் ஓடட்டும். முகம் தெரிந்தால் போதும்.

ஏழு மணி. இரண்டு நாள் பெய்த மழை விட்டு, கிழக்கு வெயில் தாழ்வாரத்துக்குள் நீளமாக விழுந்து அவள் காலிலிருந்து தலைவரை ஏறியது. கண் கூசியது.

ஏழு பத்து. கேட்டுக்கு வெளியே ஒரு சத்தம். டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டொக்.

சரசம்மா வந்துகொண்டிருந்தாள். தனியாக.

மடக்கிய குடை ஒன்று வலது கையில். இடது கை மதில் சுவரை உரசிக்கொண்டே வந்தது. சேலையின் கீழ்ப்பாதி முழுக்கச் சேறு. முழங்கையில் சிராய்த்து இரத்தம் கசிந்திருந்தது. எங்கோ விழுந்து எழுந்திருக்கிறாள். அரைமைலுக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ. ஓடிப்போய்ப் பிடிக்க ஸ்ரீகுமாரியின் கால் துடித்தது. ஆனால் மாமியார் தாழ்வாரத்துப் படியில் ஏறி, தன் வழக்கமான மூலைக்குப் போகாமல், நேராகப் பலகையை நோக்கி வந்தாள்.

ஸ்ரீகுமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சரசம்மா குடையைக் கக்கத்தில் இடுக்கினாள். இரண்டு கையையும் பலகையில் வைத்தாள். விரல்கள் பீலிங் கட்டத்தின் முதல் ஆணியிலிருந்து தொடங்கின. ஒரு வில்லை, விளிம்பைச் சுற்றி நகம் ஓடியது, விட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. பதினாலாவது வில்லையில் நகம் அந்த வெட்டுக்குள் விழுந்தது. கழற்றினாள். கை தல்லுக் கட்டத்துக்கு நகர்ந்தது. வரிசையாகத் தடவி வந்து காலி ஆணியில் நின்றது. அங்கே மாட்டினாள். ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு திரும்பினாள்.

வெயில் அவள் முகத்திலும் அடித்தது. அந்த முகத்துக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஸ்ரீகுமாரி மஞ்சள் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். சரசம்மாவின் கண்கள் அவள் நெற்றியில் பட்டன. தங்கின. அவளைத் தாண்டிச் சுவருக்குப் போயின. ஒரு இமைகூட அசையவில்லை.

இரண்டடி எடுத்து வைத்தாள். தோள் ஸ்ரீகுமாரியின் தோளில் இடித்தது.

“யாரு?” என்றாள் சரசம்மா. “யாராக்கும் அது?”

“நான்தான் மாமி.”

சரசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தாள். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸுக்குப் போறேண்ணு சொன்னியே.”

“நான் உங்களுக்க மொகத்துக்கு நேர நின்னேன் மாமி. வெயில்ல நின்னேன்.”

“தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்.” குடையின் காம்பைத் தடவினாள். “மேரிக்குட்டி இல்லாத அண்ணைக்கும் வில்லை மாறிச்சுண்ணு மானேஜருட்ட சொல்லு. அவ தப்பிச்சிருவா. அதுக்காகத்தான் இண்ணைக்கு வந்தேன். தெனமும் என்னைச் சொமந்துட்டு வாறாளே, அவளாவது ஸ்டூல்ல இரிக்கட்டுமேண்ணு அவளுக்க வில்லைய மாத்தினேன். மாதா பதக்கம் கைக்குத் தட்டுப்படும். அது அவளுக்கே வெனையாகும்ணு எனக்குத் தோணல்ல.”

“எப்பம் தொட்டு?”

“ரெண்டு வருசம் ஆவுது. கண்ணுக்குள்ள நரம்பு காஞ்சிபோச்சு, இனி ஒண்ணும் செய்யாண்டாம்ணு அந்தக் கேம்பு டாக்டரு சொன்னாரு. அப்பம் கொஞ்சம் நெழல் தெரிஞ்சுது. இப்பம் அதும் இல்ல.” சேறு படிந்த கையைச் சேலையில் துடைத்தாள். “தல்லுக்குக் கண்ணு வேண்டாம் மக்கா. அண்டிய உருட்டினாக் கையிக்குத் தெரியும், தட்டினாக் காதுக்குத் தெரியும். பீலிங்குல ஒரு துண்டு செவப்புத் தோலு நின்னாக்கூடத் திருப்பி எறிவாங்க. கிரேடிங்குல வெள்ளைய நான் என்னத்தக் கண்டு பொறுக்க? ஒரு நாளுல தெரிஞ்சிரும். கண்ணில்லாதவளுக்கு இங்க எடம் உண்டா? வீட்டுல ஒரு மூலையில கொண்டு இருத்துவிய. நேரத்துக்குத் தட்டு வரும். நான் கண்டிருக்கேன், எங்கம்மை அப்பிடித்தான் போனா.”

பின்கட்டில் வறுப்பு டிரம் சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே முதல் கூட்டத்தின் பேச்சும் சிரிப்பும் நெருங்கிக்கொண்டிருந்தன. விலாசினியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஸ்ரீகுமாரி பலகையைப் பார்த்தாள். நாற்பத்து மூன்றாம் வில்லை தல்லுக் கட்டத்தில் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“அதுக்கு, இந்த முட்ட இப்பிடிப் பாழாக்கணுமா மாமி? தைலத்தையாவது தேச்சிருக்கலாம்லா. அது என்ன செஞ்சுது உங்கள?”

சரசம்மா குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். கையை நீட்டி, காற்றில் ஒருமுறை தவறவிட்டு, மருமகளின் மணிக்கட்டைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள்.

“முட்டு சொகமாயிட்டா, பின்ன நான் என்ன சொல்லி ஒருத்திக்கக் கையப் பிடிச்சு நடப்பேன்?”